பூனைக்குத் தயிர்ச்சோறு போதுமா?

சென்ற ஆண்டு ஒரு நாள், முதலாண்டு மாணவர்களுக்கு ஒளி எதிரொளிப்பு பற்றிப் பாடம் நடத்திவிட்டு வகுப்பை விட்டு வெளியே வந்தேன். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி பின்னாலேயே வந்து, "சார், ஒரு சந்தேகம்" என்றாள். குழியாடிக் கணக்கில் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நின்றேன்.

"எங்கள் வீட்டுப் பூனையின் கண் முன்னைவிட இப்போது அதிகமாக மின்னுகிறது, சார். இருட்டில் கைப்பேசி விளக்கைக் காட்டினால் இரண்டு கண்ணும் தகதக என்று எரிகிற மாதிரி இருக்கிறது. வயதாக ஆகப் பூனைக்குக் கண்ணொளி கூடுமா?"

"நன்றாக ஓடியாடுகிறதா?" என்று கேட்டேன்.

"அதுதான் புரியவில்லை, சார். சன்னல் திண்டுக்குத் தாவினால் தவறிக் கீழே விழுகிறது. பந்தை உருட்டிவிட்டால் வேறெங்கோ பார்க்கிறது. கண் இவ்வளவு மின்னும்போது பார்வையும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. ஆனால் விடை அவள் நினைத்ததற்கு நேர்மாறானது. அதைப் புரிந்துகொள்ளப் பூனைக் கண்ணின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம்.

பூனையின் கண்ணில் ஒளி பிறப்பதில்லை. முழு இருட்டில் அது மின்னவே மின்னாது. நாம் காட்டும் விளக்கின் ஒளிதான் திரும்பி வருகிறது. நம் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கரிய நிறமிப் படலம் ஒன்று உண்டு. விழித்திரை உறிஞ்சாமல் விட்ட ஒளியை அது விழுங்கிவிடும். பூனைக்கோ விழித்திரையின் பின்னால் ஆடி போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. 'ஒளிரும் விரிப்பு' என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் அதை டாபீட்டம் லூசிடம் என்று அழைக்கிறார்கள். நுண்ணிய கோல்கள் நிறைந்த செல்கள் பல வரிசைகளாக அடுக்கப்பட்டிருப்பதால், சோப்புக் குமிழியில் நிறங்கள் தோன்றுவது போலவே, குறுக்கீட்டு விளைவினால் அது பச்சையும் மஞ்சளுமாக ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு முறை விழித்திரையைக் கடந்துபோன ஒளி, திரும்பும்போது இரண்டாம் முறையும் அதற்குக் கிடைக்கிறது. இரவில் இரை தேடும் விலங்குக்கு இது பெரிய இலாபம் அல்லவா?

இப்போது யோசியுங்கள். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஒரு துணித்திரை தொங்குகிறது. துணி நைந்து மெலிந்துகொண்டே போனால் என்ன ஆகும்? கண்ணாடி மேலும் மேலும் பளிச்சென்று தெரியும். அதே போல விழித்திரை மெலிந்தால் அது உறிஞ்சும் ஒளி குறையும். ஆடியிலிருந்து திரும்பும் ஒளி கூடும். மேலும், பார்வை குன்றிய கண்ணில் பாவை சுருங்காமல் அகலத் திறந்தே இருக்கும். அதனாலும் மினுமினுப்பு மிகும். ஆக, அந்தப் பூனையின் கண் மிகுதியாக மின்னுவது பார்வை போய்க்கொண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

"பூனைக்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் சைவம், சார். தயிர்ச்சோறு, பால், சில நாள் பருப்புச்சோறு. விரும்பித்தான் சாப்பிடுகிறது. மூன்று வருஷமாக வெளியே விட்டதே இல்லை. முன்பிருந்த பூனை நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. அதிலிருந்து அம்மா மாடியை விட்டு இறங்க விடுவதில்லை."

நான் இயற்பியல் ஆசிரியன்; விலங்கு மருத்துவம் அறியேன். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். உணவைப் பற்றி நான் கேட்டதற்குக் காரணம், எப்போதோ படித்திருந்த ஓர் ஆராய்ச்சி.

எருதின் பெயர் கொண்ட பொருள்

1827-இல் ஜெர்மானிய அறிஞர்கள் டீடெமன், கிமெலின் என்ற இருவர் எருதின் பித்தநீரிலிருந்து ஒரு வெண்ணிறப் படிகத்தைப் பிரித்தெடுத்தனர். இலத்தீனில் எருதுக்கு 'டாரஸ்' என்று பெயர். அதனால் அப்பொருள் டாரின் எனப்பட்டது. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகிய ஐந்து தனிமங்களால் ஆன சிறிய மூலக்கூறு அது. மூலக்கூறு எடை 125. அமினோ அமிலங்களின் உறவினன் எனலாம். ஆனால் மற்ற அமினோ அமிலங்களைப் போல அது புரதச் சங்கிலியில் கோக்கப்படுவதில்லை. செல்களுக்குள் தனியாகவே கரைந்து கிடக்கிறது. தசை, இதயம், மூளை, விழித்திரை ஆகியவற்றில் அது மிகுதி. எலியிலும் மீனிலும் நிறைய உண்டு. நாம் உண்ணும் நெல், கேழ்வரகு, பருப்பு, காய்கறி எவற்றிலும் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். பசும்பாலில் மிகச் சொற்பம்.

கண்டுபிடித்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் வரை டாரினைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1975-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேய்ஸும் உடன் உழைத்தவர்களும் ஒரு முடிவை வெளியிட்டனர். பூனைக்குட்டிகளுக்குக் கேசின் என்னும் பாற்புரதத்தை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவைக் கொடுத்து வளர்த்தபோது, அவற்றின் இரத்தத்திலும் விழித்திரையிலும் டாரின் குறைந்தது. விழித்திரைச் செல்கள் சிதைந்தன. கவனியுங்கள்: அது பால் புரதம்! பூனைக்கு உகந்தது பால் என்று படம் போட்டே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

நாமும் நாயும் டாரினைச் சாப்பிடாமலே காலந்தள்ள முடிவது எப்படி? மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்களிலிருந்து நம் கல்லீரல் அதைத் தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலில் இந்த வேலைக்கான நொதிகள் மிகக் குறைந்த அளவே உள்ளன. வரவு இப்படி என்றால் செலவோ அதிகம். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தோடு டாரினைச் சேர்த்துத்தான் பூனையின் கல்லீரல் குடலுக்கு அனுப்பும். மனித உடல் டாரின் தட்டுப்பட்டால் கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தை வைத்துச் சமாளிக்கும். பூனைக்கு அந்த மாற்றுவழி கிடையாது. ஒவ்வொரு நாளும் ஓரளவு டாரின் மலத்தோடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வைத்திருப்பவர்கள் ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய அளவைக் கேட்டால் வியப்பீர்கள். ஆலையில் செய்யும் உலர்ந்த பூனை உணவில் கிலோவுக்கு 1 கிராம் டாரின் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. 4 கிலோப் பூனை நாளொன்றுக்கு அத்தகைய உணவைச் சுமார் 60 கிராம் தின்னும். அப்படியானால் டாரின் 60 மில்லிகிராம். நீங்கள் குழம்பில் போடும் ஒரு சிட்டிகை உப்பு இதைப் போலப் பல மடங்கு இருக்கும். அந்தத் துளி இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் போகும். அதுவும் உடனே போகாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் போகும். விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்குரிய இடத்தில்தான் சிதைவு தொடங்குகிறது. பூனை பழகிய வீட்டில் மீசையையும் காதையும் கொண்டு நடமாடிவிடுவதால், வீட்டார் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

கண்ணோடு நிற்கவில்லை. 1987-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், இதயத் தசை தளர்ந்து வீங்கிப்போன பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டனர். டாரின் கொடுத்ததும் அவற்றின் இதயம் தேறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூனைகள் தின்றது தயிர்ச்சோறு அல்ல. கடையில் வாங்கிய பூனை உணவு. அன்றைய கணக்குப்படி அதில் டாரின் போதுமானதாகவே கருதப்பட்டது. கணக்கே தப்பு என்று தெரிந்தபின் உணவு செய்வோர் அளவை உயர்த்தினர். அசைவம் என்ற பெயர் மட்டும் பூனையைக் காப்பாற்றாது என்பதற்கு இது சான்று. டாரின் நீரில் எளிதாகக் கரையும். மீனை வேக வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினிலும் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

டாரினைத் தவிர

பூனையின் குறை டாரின் ஒன்றே என்றால் கதை எளிதாக முடிந்திருக்கும். முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையால் அது முடியாது. அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை நாய் தாவர எண்ணெயிலிருந்து ஆக்கிக்கொள்ளும். பூனைக்கு அது விலங்குக் கொழுப்பிலிருந்து வர வேண்டும். நயாசின் என்ற வைட்டமினும் அப்படியே.

இவற்றைவிட எனக்கு வியப்பூட்டியது புரதக் கணக்கு. நாம் புரதத்தைக் குறைத்துச் சாப்பிட்டால், புரதத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளும் தம் வேலையைக் குறைத்துச் சிக்கனம் செய்யும். பூனையின் கல்லீரலில் அந்தச் சிக்கனம் மிகக் குறைவு. வரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சரியாக அடைக்க முடியாத குழாய் போல, புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும். வாழ்நாளெல்லாம் இறைச்சி தின்னும் பிராணிக்குக் குழாயை அடைக்க வேண்டிய தேவை வரவில்லை போலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 கிலோகலோரி ஆற்றலும் சுமார் 12 கிராம் புரதமும் வேண்டும். 100 கிராம் சோற்றில் 130 கிலோகலோரியும் 2.7 கிராம் புரதமும், 100 கிராம் தயிரில் 60 கிலோகலோரியும் 3 கிராம் புரதமும் உள்ளதாகக் கொள்வோம். 160 கிராம் சோற்றில் 80 கிராம் தயிர் விட்டுப் பிசைந்தால் 256 கிலோகலோரி வந்துவிடும். ஆற்றல் சரி. புரதமோ 6.7 கிராம்தான், வேண்டியதில் பாதி. வயிறு நிறைந்த பூனை புரதப் பட்டினி கிடக்கிறது.

சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் பூனை நக்குகிறதே என்பீர்கள். அது இனிப்புக்காக அல்ல. பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரும் ஏற்பியைச் செய்ய இரண்டு மரபணுக்கள் வேண்டும். அவற்றில் ஒன்று பூனையில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்பதை 2005-இல் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர். மரபணுவின் நடுவே 247 எழுத்துகள் காணாமற்போயிருந்தன. பாயசத்தில் பூனை தேடுவது பாலையும் நெய்யையும்தான்.

களி தின்னும் நாய்

அப்படியானால் நாய்? எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு வந்து பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிற்றூர்களைப் பாருங்கள். வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டினால் ஓர் உருண்டை நாய்க்கும் உண்டு. கறி எடுக்கும் நாளில் எலும்பு கிடைக்கும். மற்ற நாட்களில் களி, பழைய சோறு, கொள்ளுக் கடைசல் என்று வீட்டில் என்ன உண்டோ அதுதான். அதைத் தின்றுவிட்டு நாய் ஆட்டுப் பட்டியைக் காக்கிறது. குட்டி போட்டு வளர்க்கிறது.

நாய்க்கு இந்தப் பக்கத்தில் பழைய மரியாதையும் உண்டு. எங்கள் மாவட்டத்தை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. கோவிவன் என்ன தின்றான் என்று அது சொல்லவில்லை. நம் ஊர் நாயாக இருந்தால் தினையோ கேழ்வரகோ கட்டாயம் தின்றிருப்பான் என்பது என் ஊகம்.

ஊகத்தை விட்டு ஆதாரத்துக்கு வருவோம். 2013-இல் சுவீடனில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழுவினர், 12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியை 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் தொகுதியோடு ஒப்பிட்டனர். ஓநாயிலிருந்து நாய் பிரிந்தபோது என்னென்ன மாறின என்பதே கேள்வி. மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய மாற்றங்கள் தெரிந்தன, அது எதிர்பார்த்ததே. அதோடு மாவுச்சத்தைச் செரிப்பதிலும் கொழுப்பைக் கையாள்வதிலும் பங்குள்ள 10 மரபணுக்களும் மாறியிருந்தன. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயில் 2 படிகள். நாய்களிலோ 4 முதல் 30 படிகள் வரை! கணையத்தில் அம்மரபணு செயற்படும் அளவு 28 மடங்கு கூடியிருந்தது.

ஒரு பிடி அவலை வாயிலிட்டு நன்றாக மென்று பாருங்கள். சிறிது நேரத்தில் இலேசாக இனிக்கும். உங்கள் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இனிப்பு அது. நாயின் உமிழ்நீரில் இந்த நொதி இல்லை எனலாம். களி உருண்டையை மெல்லாமல் விழுங்கிவிட்டு, வேலையைக் கணையத்திடம் ஒப்படைக்கிறது. எல்லா நாய்களும் இதில் சமமல்ல. உழவு இல்லாத பனி நாட்டில் வளர்ந்த ஹஸ்கி இனத்தில் மரபணுப் படிகள் மூன்று நான்குதான். ஆஸ்திரேலியாவின் டிங்கோவில் ஓநாயைப் போலவே இரண்டு. தானியம் விளையும் நாட்டு நாய்களில்தான் அவை பெருகியிருக்கின்றன.

இதனால் களி மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 800 கிலோகலோரிக்குச் சற்று மேல் ஆற்றலும், சுமார் 25 கிராம் புரதமும் தேவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 330 கிலோகலோரி, 7 கிராம் புரதம். 250 கிராம் மாவைக் களியாக்கிப் போட்டால் 825 கிலோகலோரி கிடைக்கும், புரதம் 17.5 கிராம்தான். அதில் 50 கிராம் மாவைக் குறைத்து, 50 கிராம் கொள்ளை வேக வைத்துச் சேர்த்துப் பாருங்கள். கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். ஆற்றல் ஏறக்குறைய அதேதான்; புரதம் 14 + 11 = 25 கிராம். கேழ்வரகில் குறைவான லைசின் கொள்ளில் உண்டு. கொள்ளில் குறைவான மெத்தியோனின் கேழ்வரகில் உண்டு. அந்த மெத்தியோனினிலிருந்துதான் நாய் தனக்கு வேண்டிய டாரினைச் செய்துகொள்ள வேண்டும். எலும்புக்கு வேண்டிய கால்சியமும் கேழ்வரகில் அரிசியைப் போலப் பல மடங்கு. நம் பாட்டிமார் அமினோ அமிலம் படித்தவர்கள் அல்லர். களிக்குக் கொள்ளுக் கடைசல் என்று அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட பொருத்தத்தில் நாயும் பங்கு பெற்றது.

தாவரப் புரதம் முழுவதும் செரிக்காது என்பதால் தயிரோ முட்டையோ சேர்ப்பது நல்லது. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றுக்குத் தேவை மிக அதிகம். நீண்ட நாள் சைவ உணவிலேயே வைக்க விரும்புவோர் கால்நடை மருத்துவரைக் கேட்டு வைட்டமின்களையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று: மீந்துபோன சாம்பார்ச்சோற்றைப் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு அதைவிடக் கேடு.

நாய் களி தின்னும் என்பது வேறு. களியை விரும்பும் என்பது வேறு. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் தெரு நாய்களின் நடத்தையை ஆராய்ந்து வருகின்றனர். பெரும்பாலும் மாவுச்சத்து மிகுந்த எச்சில் உணவைத் தின்று வாழும் அந்த நாய்கள், தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தால் இறைச்சி மணம் வீசுவதையே முதலில் நாடுகின்றன. மணம் மட்டும் இருந்து சத்து இல்லாவிட்டாலும் அப்படித்தான். மூக்கு இன்னும் ஓநாயின் மூக்கு; குடல் மட்டும் நம்மோடு ஒத்துப் போய்விட்டது.

இரண்டும் நம் வீட்டுக்கு வந்த வழி

ஒரே அடுப்படியில் கிடக்கும் இரண்டு பிராணிகளுக்குள் ஏன் இவ்வளவு வேற்றுமை? அவை எதற்காக நம்மிடம் வந்தன என்று பார்த்தால் விளங்கும். நாயின் முன்னோர் உழவு தோன்றுவதற்கு முன்பே மனிதனோடு சேர்ந்துவிட்டனர். பிறகு மனிதன் தானியம் விளைத்து உண்ணத் தொடங்கியபோது அவன் எறிந்த மிச்சத்தைத் தின்றனர். மிச்சத்தில் மாவுச்சத்து மிகுந்தது; அதைச் செரிக்க முடிந்த நாய் பிழைத்துக் குட்டிகளைப் பெருக்கியது.

பூனை வந்தது தானியத்துக்காக அல்ல. தானியத்தைத் தின்ன வந்த எலிக்காக. மேற்கு ஆசியாவில் முதல் உழவர்கள் தானியத்தைச் சேமித்தார்கள், எலி வந்தது, எலியின் பின்னால் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனின் அருகே பூனையும் புதைக்கப்பட்ட குழியை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். அதன் வயது சுமார் 9,500 ஆண்டுகள். இத்தனை ஆயிரம் ஆண்டுகளும் மனிதன் பூனையின் உணவை மாற்றவே இல்லை. எலி பிடிப்பதுதானே அதன் உத்தியோகம்! குதிருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. குதிரிலிருந்ததை அது தொடவில்லை.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் அருகே எலிகளையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் கோவிவன் வாழ்ந்த அதே 7-ஆம் நூற்றாண்டு. 'ருத்திராட்சப் பூனை' என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. தவம் செய்யும் பூனையைச் சிற்பி நம்பவில்லை, நாம் நம்பிவிட்டோம்.

'எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்குத் தயிர்ச்சோறுதான், அவையெல்லாம் நன்றாகத்தானே இருந்தன' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் கணக்கில் பாதியை விட்டுவிட்டார்கள். பகலில் தயிர்ச்சோறு தின்ற பூனை இரவில் கூரைமேல் என்ன தின்றது என்று பார்த்தவர் யார்? ஓர் எலி, ஓர் ஓணான், இரண்டு பல்லி. அந்த நாளுக்குரிய டாரின் அதிலே வந்துவிட்டது. நாம் கொடுத்தது சிற்றுண்டி. அது தேடிக்கொண்டது சாப்பாடு. ஓட்டு வீடு மாடி வீடாகி, பூனை நான்கு சுவருக்குள் அடைபட்ட பிறகுதான் தயிர்ச்சோறு முழுச் சாப்பாடாக மாறியது. அந்த மாணவியின் வீட்டில் நடந்ததும் அதுவே. பூனை லாரியில் அடிபட்டுச் சாகக் கூடாது என்ற அன்பினால் கதவை அடைத்தார்கள். கதவோடு எலியும் அடைபட்டுப் போயிற்று.

கொல்லாமையை ஒரு நோன்பாகக் கொண்டவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஓர் உயிரைக் காக்க வேறோர் உயிரைக் கொன்று போட மனம் வராதது இயல்பு. இதற்கு அறிவியல் ஒரு வழி காட்டுகிறது. பூனையின் செல்லுக்கு வேண்டியது இறைச்சி என்ற பொருள் அல்ல. இறைச்சியில் உள்ள மூலக்கூறுகள். டாரினை இன்று ஆலையில் செயற்கையாகவே செய்கிறார்கள்; கடையில் விற்கும் சாதாரணப் பூனை உணவில் சேர்ப்பதும் பெரும்பாலும் அந்த டாரின்தான். அதுபோல மற்ற குறைகளையும் செயற்கைப் பொருள்களால் நிரப்பி, இறைச்சியே சேராத பூனை உணவை மேலைநாடுகளில் சிலர் விற்கிறார்கள். கொள்கை அளவில் இது முடியாததல்ல. ஆனால் ஒன்று தவறினாலும் விலை கொடுப்பது பூனை. இறைச்சி உணவில் பூனையின் சிறுநீர் அமிலமாக இருக்கும். தாவர உணவில் அது காரமாகத் திரும்பும். கார நீரில் மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிகங்கள் உருவாகி, ஆண் பூனையின் குறுகிய சிறுநீர்க் குழாயை அடைத்துவிடலாம். அடைப்பை நீக்காவிட்டால் சில நாட்களில் உயிரே போய்விடும். சமையலறையில் அளந்து கலக்கும் விஷயம் அல்ல இது.

2022-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ நைட் குழுவினர் 2,536 நாய்களைப் பற்றிய கணக்கெடுப்பையும், 2023-இல் 1,369 பூனைகளைப் பற்றிய கணக்கெடுப்பையும் வெளியிட்டனர். தாவர உணவு தின்றவை மற்றவற்றைவிட நலம் குறைந்தவையாகத் தெரியவில்லை என்பது முடிவு. எண்ணிக்கை பெரியது, புறக்கணிக்கக் கூடியதல்ல. ஆனால் தகவல் தந்தவர்கள் யார்? வளர்ப்பவர்களே. என் மாணவர்கள் ஊசல் அலைவு நேரத்தை அளக்கும்போது, வரவேண்டிய விடை முன்பே தெரிந்திருந்தால், நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரல் அந்த விடைப் பக்கம் சாய்வதைப் பல முறை கண்டிருக்கிறேன். தன் பூனை நலமாக இருக்கிறது என்று நம்ப விரும்புகிறவர் அதன் விழித்திரையைப் பார்ப்பதில்லை. கண் நன்றாக மின்னுகிறது என்றுதான் எழுதுவார்.

நாய் விஷயத்திலும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணியும் பருப்பும் மிகுந்த சில நாய் உணவுகளுக்கும் இதயத் தளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று இன்னும் உறுதிப்படவில்லை.

அந்தப் பூனையின் செய்தியைச் சொல்லவில்லையே. கால்நடை மருத்துவர் கண்ணுக்குள் விளக்கிட்டுப் பார்த்து, இரண்டு விழித்திரைகளும் நடுவில் மெலிந்திருப்பதாகச் சொன்னாராம். டாரின் குறைவுதான் காரணம் என்று அறுதியிட இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு இங்கே வசதி இல்லை. ஆனாலும் உணவை அன்றே மாற்றச் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. மீன் வாசனை சமையலறைக்கு வரக் கூடாது என்று அம்மா சொல்ல, கடைசியில் டாரின் சேர்த்த உலர் உணவு வாங்கி, பின்கட்டில் ஒரு தனித் தட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. ஆறு மாதத்துக்குப் பிறகு அவளை விசாரித்தேன். சிதைந்த விழித்திரை திரும்ப வளராது. போன பார்வை போனதுதான். அதற்கு மேல் குறையவில்லையாம். பூனை எடை கூடியிருக்கிறது. சன்னல் திண்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். முதலில் முக்காலி, பிறகு திண்டு என்று அது பழகிக்கொண்டதாம். முக்காலியை மட்டும் யாரும் இடம் மாற்றக் கூடாது என்று வீட்டில் கட்டளை.